கையில் கொடுத்த பூ

எழுபதுகளின் பின்பாதி. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் வரிசையாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. நெல் விளைந்த நிலத்தில் தகரக் கூரை போட்டு, உள்ளே இயந்திரத்தை இறக்கி, வெளியே ஆட்கள் தேவை என்று பலகை மாட்டுவார்கள். அப்படி ஒரு கம்பெனியில், மீன்வலைக்கு நைலான் நூல் முறுக்குகிற இடத்தில், என் இருபத்தொன்றாவது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு நடந்ததை என் பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. என் தலையை நினைத்து வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. என் வாயை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினேழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை, பின்மண்டையில் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. எட்டணா அளவுக்கு அங்கே முடியே இல்லாமல் வழவழவென்று இருந்ததாம். புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார்கள். எலுமிச்சை விதையையும் மிளகையும் அரைத்துப் பூசினார்கள். எரிச்சலில் நான் போடுகிற கத்தலுக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். பொன்னேரியில் ஒரு டாக்டர் களிம்பு கொடுத்தார். எதற்கும் அது மசியவில்லை. எட்டணா இரண்டாகி, நாலாகி, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போனது. பத்தொன்பது வயதில் உச்சிக்குப் பின்னால் பெரும்பாகம் வெறுமையாகிவிட்டது. முன்நெற்றியிலும் காதோரங்களிலும் மட்டும் முடி மிச்சம்.

ஆடி மாதம் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போனபோது, அங்கே கடைவீதியில் அம்மா எனக்கு ஒரு சவுரி வாங்கினாள். முன்பக்கத்து முடியை இறுக்கமாகப் பின்னால் வாரி, வழுக்கையை மூடி, அதன் நுனியோடு சவுரியைச் சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டி, கொண்டை ஊசிகளைக் குத்தி, இடுப்பு வரைக்கும் பின்னிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு நல்ல நீளமான பின்னல். எனக்கு மட்டும் அது எப்போது விழும் என்று தெரியாத ஒரு பயம். காற்று, மழை, கூட்டம், மடியில் ஏறுகிற குழந்தை எல்லாமே எனக்கு எதிரி.

ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகைத் தடவுவதுபோல் பின்னலைத் தடவிக்கொண்டே மேலே வந்தாள். பின்னல் சொந்தமா என்று இழுத்துப் பார்ப்பது எங்கள் பக்கம் சகஜம். அவள் விரல் ஊசியில் தட்டியது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு நைனா யாரிடமும் வரன் கேட்கவில்லை. நானும் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். என் சோற்றை நானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். யார் கையும் என் தலையில் படக்கூடாது. அப்போது எனக்கு வாழ்க்கை என்றால் இந்த இரண்டும்தான்.

எங்கள் ஊர், பெரியபாளையத்துப் பக்கத்து ஆரணிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில். நாங்கள் சேரிக்காரர்கள். நைனாவும் அம்மாவும் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். எங்கள் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போன முதல் ஆள் நான். காலையில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடை, அப்புறம் ரயிலில் ஒரே ஸ்டேஷன். ஜன்னலோரத்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டேன். முந்தானையைத் தலையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவிலேயே நிற்பேன்.

எங்கள் ஷிஃப்டில் பதினான்கு பெண்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தினம் ஒருத்தி முறை வைத்து ஸ்டேஷன் வாசலில் பூ வாங்கிக்கொண்டு வருவாள். கனகாம்பரமோ, மல்லியோ, எது மலிவோ அது. மணி அடிப்பதற்கு முன்னால் குழாயடியில் எல்லோரும் கூடுவோம். சரத்தைச் சாண் சாணாகக் கிள்ளி, ஒருத்திக்கு இன்னொருத்தி வைத்துவிடுவாள். தனக்குத்தானே யாரும் வைத்துக்கொள்ளக்கூடாது, அது அவர்கள் சட்டம். நேற்றுச் சண்டை போட்டுக்கொண்டவளுக்கு இன்று பூ வைத்துவிட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

நான் சேர்ந்த அன்றைக்கே, பழவேற்காட்டுக்காரி ஒருத்தி பூவோடு என் பின்னால் வந்தாள். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, கும்மிடிப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டவள். என் வயதுதான் இருக்கும், அதற்குள் கையில் ஒரு பிள்ளை. அவள் கை என் கழுத்துக்கிட்டே வந்ததுமே நான் துள்ளி விலகிவிட்டேன்.

"இன்னாமே, கடிச்சிடுவனா?" என்று கேட்டாள்.

நானே வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பூவைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கொஞ்ச நாளில் அந்த அப்பாடா போய்விட்டது. மற்ற பன்னிரண்டு பேரும் எனக்குப் பூவைக் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்திகூட வைத்துவிட வரவில்லை. சாப்பிட உட்காரும்போது என் முதுகுப்பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். குழாயடி வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவள் ஓர் அடி தள்ளி நின்றாள். நான் வேலை செய்த இயந்திரம் ஃபேனுக்கு நேராக இருந்தது. ஒருநாள் அந்தப் பழவேற்காட்டுக்காரி மேஸ்திரியிடம் போய், தனக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று சொல்லி, என் இடத்தை வாங்கிக்கொண்டாள். எனக்குக் காற்றே வராத மூலை. மேஸ்திரியும் சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கு உள்ளே கொதித்தது.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி, வழக்கம் தெரியாமல் பூவோடு என் பின்னால் வந்தாள். பக்கத்திலிருந்தவள் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பூவை என் கையில் வைத்தாள். காதில் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சேரிப் பொண்ணு, தொடாதே. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? சின்ன வயதிலிருந்து டீக்கடையில் தனி கிளாஸ், கிணற்றடியில் தள்ளி நில் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. கம்பெனியிலும் அதேதானா என்று நெஞ்சு வெந்துபோனது.

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், கை பேசும். மறுநாளிலிருந்து அவர்கள் கொடுக்கிற பூவைத் தலையில் வைக்காமல் ஜன்னல் கட்டையில் போட்டுவிடுவேன். சாயங்காலத்துக்குள் அது சுருண்டு கிடக்கும். அவர்கள் பார்க்க வேண்டும் என்றே போடுவேன். பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் பூ வந்தது. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் பழவேற்காட்டுக்காரியின் முறை. பூவை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"எனக்கு வோணாம். உன் கைல மீன் கவுச்சி அடிக்குது, பூவும் நாறுது" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் சிவந்தது. வேலைக்கு வருவதற்கு முன் விடியற்காலையில் அவள் மாமியாரோடு உட்கார்ந்து இறால் உரித்துவிட்டு வருகிறவள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் தன் கையை ஒரு தடவை பார்த்தாள். பூவை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று பகல் முழுக்க ஜெயித்தவள் மாதிரி ஒரு நிமிர்வு. அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையைச் சொல்லியே பிரயோஜனம் இல்லை.

இதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அது நடந்தது.

கம்பெனியில் எங்களுக்கு ஆளுக்கொரு காக்கித் துணி கொடுத்திருந்தார்கள், தலையில் கட்டிக்கொள்ள. பெல்ட்டும் சக்கரமும் ஓடுகிற இடம், பின்னல் மாட்டிக்கொள்ளும் என்று மேஸ்திரி தினமும் கத்துவார். யாரும் கேட்கமாட்டார்கள். கட்டினால் பூ நசுங்கிவிடுமே. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு கை துடைக்க வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் துணி வரப்பிரசாதம் மாதிரி, தலையை மூட அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனாலும் நான் கட்டவில்லை. எல்லோரும் சும்மா இருக்கும்போது நான் ஒருத்தி மட்டும் கட்டினால், ஏன் என்று கேட்பார்களே என்று பயம்.

அன்று பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். என் கையிலிருந்த நூல்கண்டு தவறிக் கீழே உருண்டது. குனிந்து எடுத்தேன். பின்னல் தோளைத் தாண்டி முன்னால் சரிந்து, இயந்திரத்துக்கு அடியில் ஓடுகிற பெல்ட்டில் பட்டது.

அதற்கப்புறம் நடந்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். யாரோ என் தலையைப் பிடித்துக் கீழே இழுத்தது போலிருந்தது. நெற்றி இரும்பில் இடித்தது. தலையில் நூறு ஊசி ஒரே சமயத்தில் குத்தியது. அப்புறம் பிடி விட்டுப்போய் நான் பின்னால் மல்லாந்து விழுந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது என் சவுரி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, பட்பட்டென்று இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஓடிவந்து சுவிட்சைத் தட்டினார். சத்தம் நின்றது. எல்லா இயந்திரமும் ஒவ்வொன்றாக நின்றது. என் தலை வெட்டவெளியில் இருந்தது. வாரி மூடியிருந்த முன்முடி முகத்தில் தொங்க, பின்னால் மொத்த வழுக்கையும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால். பக்கத்து ஷெட்டிலிருந்து ஆண்கள்கூட ஓடிவந்துவிட்டார்கள்.

கையால் மூட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. செத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

முதலில் அசைந்தவள் பழவேற்காட்டுக்காரிதான். இடுப்பிலிருந்த காக்கித் துணியை உருவிக்கொண்டு வந்து, என் முன்னால் முட்டி போட்டு, ஒரு விரல் அகலம்கூடத் தெரியாமல் என் தலையைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே ஆண்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அடிபட்டு ரத்தம் வந்துகினு கீது, கட்டுப் போட்ணும். ஆம்பிளைங்க இன்னா வேடிக்கை? வெளிய போங்க."

ரத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊசி கீறிய இரண்டு கோடுதான். அவர்கள் போய்விட்டார்கள். நான் எழுந்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வீட்டில் ஒன்பது நாள் கிடந்தேன். பத்து நாள் சொல்லாமல் நின்றால் கம்பெனியில் பேரை அடித்துவிடுவார்கள். அது தெரிந்தும் கிடந்தேன். நைனா திரும்பத் திரும்ப என் நெற்றி வீக்கத்தைத்தான் பார்த்தார். அம்மாவுக்குத்தான் பதற்றம். மேலே என்ன செய்வது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"பெரியபாளையம் போய் மொட்ட போட்டுகினு வந்துடலாம். நேத்திக்கடன்னு சொல்லிக்கலாம். முடி மொளைக்கறதுக்குள்ள ஜனங்க மறந்துடுவாங்க" என்றாள்.

"மொளைக்கலன்னா?"

"மறுபடியும் நேத்திக்கடன்னு சொல்லிக்கலாம்."

அம்மனைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்கிறாயே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எட்டாம் நாள் சரி என்று ஒத்துக்கொண்டேன். மொட்டை போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அம்மா கோயிலுக்குக் கிளம்ப மஞ்சள் சேலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை.

அப்போது வாசலில் பழவேற்காட்டுக்காரி நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். யார் யாரிடமோ வழி கேட்டு, சேரிக்குள் நடந்து வந்திருக்கிறாள். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள். வெளியிலிருந்து வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று அம்மா தயங்கினாள். அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, தானே குடத்தில் மொண்டு குடித்தாள்.

"இன்னாம்மா வெயிலு. நாஷ்டா எதனா கீதா? புள்ளைக்கு ஒரு வாய் போடு" என்றாள் அம்மாவிடம்.

அம்மா கூழைக் கரைத்துக் கொண்டுவந்தாள். பிள்ளை குடித்தது, மீதியை அவள் குடித்தாள். நான் மூலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

பிரித்தேன். என் சவுரி. சக்கரத்தில் சுற்றி, கிரீஸில் தோய்ந்து கிடந்ததை அறுத்து எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சீயக்காய் போட்டு அலசி, சிக்கெடுத்து, புதுக் கறுப்பு நூலால் கட்டியிருந்தாள். பாதி நீளம்தான் மிச்சம்.

"மண்ணெண்ண வாசன இன்னும் போவல. மூணு தபா அலசிட்டேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. எல்லோரும் பார்த்தாயிற்று, இனி இது எதற்கு, ஊரெல்லாம் சிரித்திருக்குமே என்று என்னென்னவோ கத்தினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"யாரும் புச்சா ஒண்ணும் பாக்கலமே. நீ வந்த மொத வாரமே எங்களுக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"கொழாய்ல குனிஞ்சி மூஞ்சி கழுவனே. முந்தான நழுவிச்சி, காத்துல முடி தூக்கிச்சி. நானும் இன்னும் ரெண்டு பேரும் பாத்துட்டோம். அன்னிக்கே பேசி வெச்சிகினோம். அவ தலையாண்ட எவளும் கைய வெக்கக்கூடாது, பூவ கைல குடுத்துடுங்க, அவ எப்டியோ வெச்சிக்கட்டும்னு. புச்சா வர்றவளுக்கும் சொல்லிடுவோம். பேஜாரு பண்ணாம இரு, அந்தப் பொண்ணு பயப்படுதுன்னு."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூளையில் ஒவ்வொன்றாகத் திரும்பியது. முதுகுப்பக்கம் விட்ட இடம். குழாயடியில் தள்ளி நின்ற ஓர் அடி. சின்னப் பெண்ணின் காதில் சொன்ன ரகசியம்.

"ஃபேனு?" என்று கேட்டேன்.

"நீ அந்தக் காத்துல தலையப் புடிச்சிகினே நூல் மாத்திகினு இருந்தே. ஒரு கையால எப்டி வேல செய்வே? அதான் எனக்குப் புழுங்குதுன்னு மாத்திக்கினேன். எனக்கு அந்தக் காத்துல ஒரு மாசம் சளி."

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் சேரிப் பொண்ணுன்னு தொடாம இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கதவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பழவேற்காட்டுக்காரி பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"பொய் சொல்லமாட்டேன். அந்த மாதிரி நெனப்பு ரெண்டு பேருக்கு கீது. அவங்க யாருன்னு உனக்கும் தெரியும். ஆனா பூவு அதுக்கில்ல. பூவு இதுக்குத்தான்" என்றாள். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கவுச்சின்னு சொன்னியே, அது வலிச்சிச்சி. ஊட்டுக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேச்சேன். போவாது அது, பொறப்புலயே வர்றது. எனக்குத் திருப்பித் திட்டத் தெரியாதா? உன் தலையச் சொல்ல எனக்கு எவ்ளோ நேரமாவும்? வாய் வரிக்கும் வந்திச்சி. முழுங்கிட்டேன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு உடம்பு கூசிய கூச்சத்தை எழுதத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எந்த வார்த்தைக்காக நான் ஊர்க்காரர்களை வெறுத்தேனோ, அதே வார்த்தையை வேறொரு வாசனை சேர்த்து நான் அவள்மேல் வீசியிருக்கிறேன். என் ரகசியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவள் அதை விழுங்கிவிட்டு இயந்திரத்துக்குப் போயிருக்கிறாள். நான் அன்று பகல் முழுக்க ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று நாலைந்து தடவை சொன்னேன். சரி சரி என்றாள். பெரிதாக நெகிழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. எழுந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளிக்கி வந்துடு. நாளிக்கி வர்லன்னா பேர அட்ச்சிடுவாங்க, மேஸ்திரி சொல்லச் சொன்னாரு. அந்தச் சவுரி அறுந்து வந்துச்சோ, நீ பொழைச்சே. சொந்த முடியா இருந்தா தோலோட இஸ்துகினு போயிருக்கும். எங்கள்ல எவளுக்காவது ஆயிருந்தா பொணந்தான். அத்த நெனச்சிப் பாரு."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, மஞ்சள் சேலையைப் பார்த்து, எங்கே கிளம்பினீர்கள் என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா சொல்ல வாயெடுப்பதற்குள், எங்கும் இல்லை என்று நான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மா சவுரியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். பாதி நீளமானாலும் கட்டிவிடலாம், வேலைக்குப் போவதானால் இதோடுதான் போக வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். கத்தரிக்கோலைக் கொடுத்து, முன்பக்கத்து முடியையும் ஒட்ட வெட்டிவிடச் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே வெட்டினாள். வெட்டி முடித்ததும் உள்ளங்கையை என் தலையில் வைத்தாள். இரண்டு வருஷமாக ஊசி குத்துவதற்கும் நூல் கட்டுவதற்கும் மட்டும்தான் அவள் கை அங்கே வந்துபோனது. அன்று வேலை எதுவும் இல்லாமல் சும்மா வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை, பழவேற்காட்டுக்காரி கட்டிவிட்ட அதே காக்கித் துணியைத் துவைத்துத் தலையில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். ஒரு அம்மாள், எந்தக் கோயிலுக்கும்மா மொட்டை என்று கேட்டார்.

"வேண்டுதல் இல்லீங்க, முடி கொட்டிப்போச்சு" என்றேன்.

பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதற்காகவா நான்கு வருஷம் நடுங்கினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் கம்பெனி வாசலில், திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு தரம் நின்றேன்.

குழாயடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் தலையிலும் காக்கித் துணி. எனக்காகக் கட்டியதாக நான் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, ஒருத்தி உடனே புலம்ப ஆரம்பித்தாள். நான் மாட்டிக்கொண்ட மறுநாளே துணி கட்டாதவளுக்கு அரைநாள் கூலி கிடையாது என்று மேஸ்திரி உத்தரவு போட்டுவிட்டாராம், உன்னால் எங்களுக்கு இந்தத் தொல்லை என்று திட்டினாள். அந்தத் திட்டு காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. பூவை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை. துணிக்கு மேலேயே, பின்னால் முடிச்சுப் போட்ட இடத்தில் செருகிக்கொண்டிருந்தார்கள்.

பழவேற்காட்டுக்காரி கனகாம்பரத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவள் பூவைக் கொடுக்கவில்லை.

"வெச்சி உடட்டா?" என்று கேட்டாள்.

நான் திரும்பி நின்று தலையைக் குனிந்தேன். அவள் விரல்கள் என் பின்மண்டையில், முடிச்சைத் தளர்த்தி, பூவைச் செருகி, மறுபடி இறுக்கின. கையில் இறால் வாசனை அடித்தது. அந்த வாசனையை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டேன். கண்ணிலிருந்து கொட்டியது. அவள் பார்த்தும் பார்க்காததுபோல, மணி அடிச்சிட்டாங்க வா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடி அப்புறம் முளைக்கவே இல்லை. அந்தக் கம்பெனியில் பல வருஷம் வேலை செய்தேன். ஒரு வரன் வந்தபோது காக்கித் துணியோடுதான் போய் நின்றேன், என்ன ஏது என்று நானே சொன்னேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த மனிதர் இப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பழவேற்காட்டுக்காரி சில வருஷத்தில் வேலையை விட்டுப் பிறந்த ஊருக்கே போய்விட்டாள். அந்தப் பாதிச் சவுரி மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கும் முகர்ந்தால் லேசாக மண்ணெண்ணெய் வாசனை வருகிறது.

கோபம் எனக்கு இன்னும் குறையவில்லை, அதைக் குறைத்துக்கொண்டதாகப் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் யாராவது ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றால், எதற்காகத் தள்ளி நிற்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் நான் கோபப்படுகிறேன்.